சித்திரை மாதத்துப் பதினொரு சொட்டு

தண்ணீர் எப்படி என்றுதானே கேட்டீர்கள்? காற்று வருமா, வெளிச்சம் வருமா என்று கேட்பதற்கு முன்னால் வீடு பார்க்க வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நேராகப் பதில் சொல்லாமல் ஒரு விடுகதை போடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

தை மாதம் சோப்பைக் கண்டால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். சித்திரை மாதம் அதே சோப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஐப்பசி வந்தால் செம்மண் நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு வரும். வருகிற வாசலும் ஒன்றுதான், வருகிற ஆளும் ஒன்றுதான். யார்?

அதிகம் யோசிக்காதீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில்தான் அது. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். விடுகதை நான் கட்டியதில்லை, என் மகள் தர்ஷிகா கட்டியது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய சார்ட்டின் தலைப்பில் இதைத்தான் பச்சை மையில் எழுதியிருந்தாள். அந்த சார்ட்டால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். உட்காருங்கள் தங்கச்சி. குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் மேலே ஒவ்வொரு தாழ்ப்பாளாக ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது. பார்க்கட்டும், அவசரமில்லை.

முதலில் இந்த டம்ளரைப் பிடியுங்கள். காய்ச்சி ஆறவைத்ததுதான், பயப்படாமல் குடிக்கலாம். எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கும். இது மாசி மாதம். மாசியில் எங்கள் தெருத் தண்ணீரைக் குறை சொல்ல ஆளில்லை. "வீடு பாக்க வர்றவங்கள மாசியில வரச்சொல்லு மதி" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவேன். போன வைகாசியில் ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா குழாயைத் திறந்து கையில் பிடித்து வாயில் வைத்தார். போனில் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

தை, மாசியில் வருவது ஆற்றுத் தண்ணீர். பங்குனி பிறந்து ஆற்றில் மணல் தெரிய ஆரம்பித்ததும் நகராட்சிக்காரர்கள் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள். பாதிக்குப் பாதியா, முக்கால் பங்கா, கேட்டால் யாரும் சொல்வதில்லை. சொல்லத்தான் வேண்டுமா, துணி துவைத்தால் தெரிந்துவிடும். சோப்பு கரையும், நுரை வராது. தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். பருப்பு மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்தாலும் கல்லுக் கல்லாக இருக்கும். அப்புறம் ஐப்பசி மழை. புதுத் தண்ணீர் செம்மண்ணாக வரும். அதில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, குழாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். இதுதான் எங்கள் வருஷம்.

தர்ஷிகாவுக்கு ஆறு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. அதுவும் ஒரு ஐப்பசிதான். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள் பூசியது மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒன்பது நாளும் நான் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். "தண்ணியிலேருந்துதாம்மா வந்திருக்கும்" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு முடிவு செய்தேன். அன்றிலிருந்து காய்ச்சாத தண்ணீர் ஒரு வாய்கூட அவள் வயிற்றுக்குள் போக நான் விட்டதில்லை.

காய்ச்சுவது என்றால் சும்மா சூடு காட்டி இறக்குவதில்லை. தளதளவென்று கொதித்த பிறகும் இருபது நிமிடம் அடுப்பில் இருக்கும். அப்புறம் மூடிவைத்து ஆறவிட்டு, அடி கலங்காமல் மேலாக இறுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவேன். கோடையில் பார்க்க வேண்டும் அந்தக் குண்டானை. அடியிலும் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிடும். வாரத்துக்கு ஒருநாள் புளி போட்டு ஊறவைத்துச் சுரண்டி எடுப்பேன். ஒரு கைப்பிடி வரும். அந்தக் கைப்பிடி என் பிள்ளை வயிற்றுக்குள் போகவில்லையே என்று ஒரு நிம்மதி. நீங்களே சொல்லுங்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறீர்கள், இதில் என்ன தப்பு?

சரி, சார்ட்டுக்கு வருகிறேன்.

போன வருஷம் தை மாதம். அப்போது தர்ஷிகா ஆறாம் வகுப்பு. அறிவியல் டீச்சர் எஸ்தர் மிஸ், கார்த்திகையில் மாவட்ட அளவில் ஒரு கண்காட்சி வரும், யாராவது நீண்ட நாள் வேலை ஒன்று செய்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இவள் கையைத் தூக்கிவிட்டாள். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மாதா மாதம் எப்படி மாறுகிறது என்று சோதிப்பதாக ஒப்புக்கொண்டு வந்தாள். வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சின்ன பாட்டிலில் பாதிக்கு ஒரு கோடு. அந்தக் கோடுவரை தண்ணீர். குளிக்கிற சோப்பைச் சீவி, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்க் ஃபில்லரால் அதில் ஒரு சொட்டு விட்டு, மூடி, பத்துத் தடவை குலுக்க வேண்டும். நூறு எண்ணும்வரை நுரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னொரு சொட்டு, இன்னும் பத்துக் குலுக்கு. நிற்கிறவரைக்கும் இப்படியே. எத்தனை சொட்டில் நுரை நின்றதோ அதை எழுதிக்கொள்ள வேண்டும். சொட்டு குறைந்தால் நல்ல தண்ணீர், கூடினால் கடினத் தண்ணீர். அவ்வளவுதான். குலுக்கிக் குலுக்கி இவள் எண்ணுவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணாமூச்சி விளையாடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

தையில் எட்டுச் சொட்டு. மாசியில் ஒன்பது. நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனி முதல் வாரம் பதினேழு. அன்றைக்குத்தான் சார்ட்டை முழுசாகப் படித்தேன். தேதி, சொட்டு, நிறம், வாசனை என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். கடைசிக் கட்டம், ருசி. மாசிக்கு நேராக "லேசாக இனிப்பு" என்று இருந்தது. பங்குனிக்கு "நாக்கில் ஒட்டுகிறது."

"ஏண்டி, இதை எப்படி எழுதுன?"

"குடிச்சுப் பாத்துத்தான்மா. ஒரு மூடி அளவுதான்."

"காய்ச்சாமலா?"

"காய்ச்சினா அது வேற தண்ணியில்லியா?"

 திங்கட்கிழமை காலையிலேயே பள்ளிக்கூடம் போனேன். எஸ்தர் மிஸ் நல்லவர்தான். "ருசியை நான் எழுதச் சொல்லலைங்க. அந்தக் கட்டத்தை எடுத்துறச் சொல்லுங்க, சொட்டு இருந்தாப் போதும்" என்றார். வந்து இவளிடம் சொன்னால் கேட்கிறாளா? "கட்டம் போட்டுட்டு நடுவுல விட்டா அது ஆராய்ச்சியே இல்லம்மா." அப்பா மாதிரியே பிடிவாதம். அந்த மனிதர் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு, "ஒரு மூடிதானே மதி" என்கிறார். ஒன்பது நாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தவள் நான்தானே, அவர் இல்லையே.

சனிக்கிழமை காலையில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். இவள் பாட்டிலைப் பிடித்து அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டுச் சிலம்ப வகுப்புக்குப் போவாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்துதான் சோதனை. நான் என்ன செய்தேன் என்றால், அவள் தெருமுனை தாண்டியதும் அந்தப் பாட்டிலைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதில் ஊற்றி வைத்தேன். அவள் போட்ட கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை போகாது, கீழே ஒரு மயிரிழை குறையாது. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து ஊற்றுவேன். பிள்ளையின் ஆராய்ச்சியில் தப்பு வந்துவிடக் கூடாதே.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? வேறு ஊரிலிருந்தா கொண்டுவந்தேன்? அதே குழாயில் வந்த தண்ணீர்தான். நடுவில் கொஞ்ச நேரம் அடுப்பில் இருந்துவிட்டு வந்தது, அவ்வளவுதானே!

அடுத்த வாரம் பதினொரு சொட்டு. அதற்கடுத்த வாரமும் பதினொன்று. இவளுக்கு ஆச்சரியம். "அம்மா, பதினேழு எழுதுனது தப்பா எண்ணிட்டேன் போல" என்று அந்த வாரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். சித்திரை முழுக்கப் பதினொன்று. வைகாசியில் ஒரே ஒரு வாரம் பன்னிரண்டு. ருசிக் கட்டத்தில் எல்லா வாரமும் "நன்றாக இருக்கிறது" என்று எழுதினாள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிர்ந்து போகும்.

எதிர்வீட்டில் நூர்ஜஹான் அக்கா இருக்கிறார். நீங்கள் வரும்போது வாசலில் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டிருந்ததே, அந்த வீடு. கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறார். அவர் வைக்கிற தால்ச்சாவுக்காகவே அழைப்பு இல்லாத கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பருப்பு குழைந்து, கத்தரிக்காய் மட்டும் முழுசாக மிதக்கும். அந்தச் சித்திரையில் ஒரு கல்யாணத்தில் பருப்பு வேகவே இல்லை. பந்தியில் ஒரு கிழவர், "என்ன நூர்ஜஹான், சுண்டலைக் கரைச்சு ஊத்திருக்க?" என்று கேட்டுவிட்டாராம். வீட்டுக்காரருக்கு நான் மதி, அக்காவுக்கு வளரு. அக்கா திண்டாடிப்போய் எங்கள் வீட்டுக்கு வந்து, "வளரு, தண்ணியப் பாத்தியா, எமனா வருது" என்று புலம்பினார்.

தர்ஷிகா ஓடிப்போய் சார்ட்டை எடுத்து வந்தாள். "இல்ல பெரியம்மா, தண்ணி நல்லாத்தான் இருக்கு. பாருங்க, பதினொரு சொட்டுதான். மாசியில ஒம்போது, இப்ப பதினொண்ணு. ரெண்டுதான் கூட."

அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? "பருப்பு பழசா இருக்கும்க்கா" என்றேன். சும்மா வாயில் வந்தது.

அதை அந்த மனுஷி அப்படியே நம்பிவிட்டார். குழந்தை எண்ணி எழுதியிருக்கிறாளே, தப்பாகவா இருக்கும் என்று. பதினைந்து வருஷமாகப் பருப்பு வாங்குகிற மளிகைக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். "அக்கா, மில்லுலேருந்து நேத்து வந்த மூட்டைக்கா" என்று அந்த ஆள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்த கடை, அதற்கடுத்த கடை. சித்திரை, வைகாசி இரண்டு மாதத்தில் மூன்று கடை மாற்றினார். நான் வேண்டுமானால் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சொன்னால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பிள்ளைக்குத் தெரிந்தால் மறுபடி ஒரு மூடி குடிப்பாள். ஒரு கடைக்காரர் மனஸ்தாபமா பெரிது, பிள்ளையின் ஈரல் பெரிதா?

ஐப்பசியில் ஒருநாள் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். அன்றைக்குக் குழாயில் டீ மாதிரி வந்தது. இவள் பிடித்து வைத்ததும் டீ மாதிரிதான். சிலம்பம் முடிந்து வந்து பார்த்தால் பாட்டிலில் கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

"எப்படிம்மா ரெண்டு மணி நேரத்துல இப்படித் தெளிஞ்சுது?"

"தேத்தாங்கொட்டை கொஞ்சம் உரசிவிட்டேன் கண்ணு. கலங்கலா இருந்துச்சேன்னு."

 பேனாவை எடுத்துச் சார்ட்டின் அடியில் சின்னதாக எழுதினாள்: "இந்த வாரம் அம்மா தேத்தாங்கொட்டை உரசினார்." எங்கள் வீட்டில் தேத்தாங்கொட்டையே கிடையாது.

ஐப்பசி கடைசியில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. யாரை விருந்தினராகக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நகராட்சிப் பொறியாளரை. சின்ன வயசு, முழுக்கைச் சட்டை, கையில் பெரிய போன். இவளுடைய சார்ட்டின் முன்னால் பத்து நிமிடம் நின்றார். "வெரிகுட் பாப்பா, நாங்க செய்ய வேண்டிய வேலைய நீ செஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டுச் சார்ட்டை மேலிருந்து கீழாக மூன்று போட்டோ எடுத்துக்கொண்டார். சார்ட் மாவட்டத்துக்குத் தேர்வாகிவிட்டது. நான் அன்றைக்குத் தெருவில் நாலு பேருக்குக் கேசரி கொடுத்தேன்.

இதற்கு நடுவில்தான் புதுக் குழாய் பேச்சு வந்தது. ஆற்று மணலுக்கு அடியில் ஆழமாகக் கிணறு இறக்கி, அங்கிருந்து நேராக ஒரு புதுக் குழாய் போடுகிறார்கள். போர் தண்ணீர் அதில் கலக்காது, பன்னிரண்டு மாதமும் ஆற்றுத் தண்ணீர். ஆனால் இந்த வருஷம் இரண்டே தெருவுக்குத்தான் இணைப்பு, எந்தத் தெருவில் கோடைத் தண்ணீர் மிக மோசமோ அந்தத் தெருவுக்கு முதலில். எங்கள் தெருவை விட மோசம் எது? நூர்ஜஹான் அக்கா வீடு வீடாகப் போய் எழுபத்திரண்டு கையெழுத்து வாங்கினார். கார்த்திகை முதல் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இருபது பேர் போனோம். நானும் போனேன். நானும் கையெழுத்துப் போட்டவள்தான்.

பொறியாளர் மனுவைப் படித்தார். போனை எடுத்தார். தேய்த்துத் தேய்த்து ஒரு போட்டோவைக் காட்டினார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா இப்ப கார்த்திகை. இன்னிக்குத் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணா எல்லாத் தெருவும் நல்லாத்தான் இருக்கும். கோடையில எடுத்த கணக்கு உங்க தெருவுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. உங்க தெருப் பாப்பா வாரா வாரம் எடுத்தது. சித்திரையில பதினொரு சொட்டு. இதைவிட நல்ல தண்ணி இந்த ஊர்ல எங்கயும் வரலீங்க. முப்பது, நாப்பது சொட்டு வாங்குற தெருவெல்லாம் காத்துக்கிட்டிருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! குழந்தைகள் விளையாட்டாகச் செய்கிற வேலையை வைத்தா ஒரு ஊருக்குக் குழாய் போடுவார்கள்? நகராட்சி எதற்கு இருக்கிறது? கோடையில் ஒரு ஆளை அனுப்பி ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்க முடியாதா? இதை நான் அங்கேயே உரக்கக் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்.  அடுத்த திங்கட்கிழமை பட்டியல் முடிவாகிவிடும் என்று மட்டும் சொன்னார்கள்.

சாயங்காலம் நூர்ஜஹான் அக்கா வந்து வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை. "வளரு, நான் உன்னைக் குத்தம் சொல்ல வரல. அந்தப் பருப்புக்காரரைக் கண்டபடி பேசிட்டேனே, அதான் மனசுல அறுக்குது. தண்ணி நல்லா இருந்தா என் பருப்பு ஏன் வேகல?" என்று கேட்டார். தர்ஷிகா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

 குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை அடிபம்புக்குப் போனாள். அது வருஷம் பூராவும் உப்புத் தண்ணீர், மாடு கழுவத்தான் ஆகும். ஒரு குடம் கொண்டுவந்து பாதியை என் குண்டானில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். கொதித்த பிறகு இருபது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறவைத்தாள், மேலாக இறுத்தாள், என்னுடைய வெள்ளைத் துணியையே எடுத்து வடிகட்டினாள். எல்லாம் நான் செய்கிற மாதிரியே. பிறகு இரண்டு தண்ணீரிலும் சொட்டு விட்டுக் குலுக்கி எண்ணினாள். காய்ச்சாத தண்ணீருக்கு முப்பத்தெட்டுச் சொட்டு. காய்ச்சியதற்குப் பன்னிரண்டு.

குண்டானைச் சாய்த்து அடியில் விரலால் தேய்த்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. "கடினம் எல்லாம் இங்க உக்காந்திருக்கும்மா" என்றாள். பிறகு கேட்டாள்.

"எத்தனை வாரம்?"

"என்ன எத்தனை வாரம்?"

"எத்தனை வாரம் மாத்துனீங்க?"

"எண்ணியா வச்சேன்? உன் நல்லதுக்குத்தானே பாப்பா."

"பங்குனி ரெண்டாவது வாரத்துலேருந்தா?"

 அவள் சார்ட்டை விரித்து, பங்குனி முதல் வாரத்துப் பதினேழுக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை ரப்பரால் அழித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். எனக்குத் தெரிந்த வேலை அது.

அந்த ஒரு வாரம் இந்த வீட்டில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் அடுத்த திங்கட்கிழமைதான் மாவட்டக் கண்காட்சியும். காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ். பத்து மணிக்கு இங்கே குறைதீர் கூட்டம். இரண்டும் ஒரே நாள்.

நான் தெளிவாகச் சொன்னேன். "பாப்பா, சார்ட்ல தப்புன்னு உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். பேசாம பஸ் ஏறிப் போ. பரிசு வாங்கிட்டு வா. குழாய் பெரியவங்க பாத்துக்குவாங்க." தாய் இதைத் தவிர வேறு என்ன சொல்வாள்? அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அவளே முடிவு பண்ணட்டும்." சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். நூர்ஜஹான் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சின்னப் புள்ள தலையில இதைப் போடாத வளரு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அந்த மனுஷியே விட்டுவிட்டார்!

விஷயத்தை இவளே போய் எஸ்தர் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டாள். அவர் பாவம், திகைத்துப் போயிருக்கிறார். யோசித்துவிட்டு, "சார்ட்டுக்கு அடியில நடந்ததை எழுதி ஒட்டி எடுத்துட்டுப் போ. அதுவும் ஆராய்ச்சிதான். நடுவர்கள் பாராட்டக்கூடச் செய்வாங்க" என்றாராம். எவ்வளவு நல்ல யோசனை! எனக்கும் மனது லேசாகிவிட்டது. இவள் என்ன பதில் சொன்னாளாம்? "அடியில எழுதுனா நடுவர் படிப்பாங்க மிஸ். நகராட்சி சார் போன்ல இருக்கிறதுல அது இருக்காதே."

திங்கட்கிழமை காலையில் நான்தான் சீருடையைத் தேய்த்து வைத்தேன். புது ரிப்பன். டப்பாவில் புளிச்சாதம், மூன்று பாட்டில் காய்ச்சிய தண்ணீர். ஏழு மணிக்குக் கிளம்பினாள். சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் திரும்பினாள். நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டவள் என்ற முறையில் பத்து மணிக்கு நான் கூட்டத்துக்குப் போனேன்.

முன் வரிசையில், நூர்ஜஹான் அக்காவுக்குப் பக்கத்தில், அந்த ரிப்பன் தெரிந்தது.

எங்கள் தெருவின் பேர் வந்ததும் எழுந்து நின்றாள். மைக் எட்டவில்லை, ஒரு பியூன் அதைக் கீழே இறக்கி வைத்தார்.

"சார், நீங்க போட்டோ எடுத்த சார்ட் தப்பு. பங்குனி ரெண்டாவது வாரத்துலேருந்து அதுல இருக்கிறது குழாய்த் தண்ணி இல்ல. காய்ச்சுன தண்ணி. காய்ச்சுனா சொட்டு குறையும். அடிபம்புத் தண்ணியில செஞ்சு பாத்தேன். முப்பத்தெட்டு பன்னெண்டா ஆயிருச்சு."

"யாரும்மா காய்ச்சுனது? நீயா?"

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கைதவறி மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம்.

"எங்க அம்மா" என்றாள்.

நான் பின் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அறுபது தலை திரும்பியது தங்கச்சி. அறுபது தலை. அந்த மளிகைக்கடைக்காரரும் வேறு எதற்கோ மனுக் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார்.  நூர்ஜஹான் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அக்கா எழுந்து அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் காய்ச்சினாய் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் அந்த ஒன்பது நாளையும் சொல்லியிருப்பேன்.

அதனால் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. பொறியாளர் போனிலிருந்து அந்தப் போட்டோக்களை அழித்தார். "அப்ப உங்க தெருவுக்குக் கோடைக் கணக்கே இல்லைன்னு ஆகுது. இந்த வருஷம் வேற ரெண்டு தெருவுக்குக் குடுத்துட்டோம். வர்ற பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் சரியா எடுத்துக் கொண்டாங்க, அடுத்த பட்டியல்ல பாக்கலாம்" என்றார். எஸ்தர் மிஸ் பஸ்ஸில் வேறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பரிசும் போயிற்று, குழாயும் போயிற்று. உண்மையைச் சொல்லி என்ன கிடைத்தது, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் இறங்கி வருகிறார் போலிருக்கிறது. சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இந்தத் தை மாதம் முதல் சனிக்கிழமையிலிருந்து தர்ஷிகா மறுபடியும் சோதனையை ஆரம்பித்திருக்கிறாள். புது சார்ட் வாங்கியிருக்கிறாள். ருசிக் கட்டமும் போட்டிருக்கிறாள். எங்கள் குழாயில் பிடிப்பதில்லை. நூர்ஜஹான் அக்கா வீட்டுக் குழாயில் பிடித்து, அங்கேயே அவர் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு சிலம்பத்துக்குப் போகிறாள்.